சார்ல்ஸ்டன் சோறும் அப்பா கேட்ட கேள்வியும்

சாப்பிட வந்த இடத்தில் அடிமை வரலாற்றைப் பேசி எதற்கு எல்லார் பசியையும் கெடுக்க வேண்டும் என்று என் கணவர் கேட்டபோது, அன்று இரவு ஹோட்டல் அறையில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயமில்லாத கேள்வியும் இல்லை. காசு கட்டி, வெயிலில் நடந்து, ஒரு ஊரின் சாப்பாட்டைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம். அடிமை வரலாற்றுக்கென்று அந்த ஊரிலேயே அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அங்கே போகலாமே, சோற்றுத் தட்டின் முன்னால் அதை ஏன் வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஊர் திரும்பிய பிறகும் எனக்கு இது அடங்கவே இல்லை. சமையல் செய்யும்போது, அரிசி களையும்போது எல்லாம் மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே இருந்தேன். இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஊர், அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்துச் சார்ல்ஸ்டன். தமிழ்நாட்டிலிருந்து அப்பா வந்திருந்தார். அட்லாண்டாவில் எங்கள் வீட்டுக்குள்ளேயே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் பாவம், கடலைப் பார்க்கட்டும் என்று அழைத்துப் போனோம். அங்கே நடந்தபடியே நான்கைந்து கடைகளில் சாப்பிட வைத்துக் கதை சொல்லும் வழிகாட்டிச் சுற்றுலா பிரபலம். அதில் பதிவு செய்திருந்தோம். மீட்டிங் தெருவில், 1841இல் கோயில் முகப்பு போலக் கட்டிய மார்க்கெட் மண்டபத்தின் முன்னால் கூடச் சொன்னார்கள். வழிகாட்டி இளைஞர். நல்ல குரல், நல்ல நினைவாற்றல், அப்பாவுக்காக நடையைக் குறைத்துக்கொண்ட நல்ல மனசு. இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுதப்போவது அந்தப் பையனைப் பற்றிய புகார் இல்லை.

சாப்பாட்டைப் பற்றியும் புகார் இல்லை. மோர் விட்டுப் பிசைந்து சுட்ட பிஸ்கட், வெண்ணெயும் பாலும் சேர்ந்த நண்டு சூப், மக்காச்சோள ரவையைக் குழைய வேகவைத்து மேலே இறால் போட்ட ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ். அப்பா கிரிட்ஸை வழித்துச் சாப்பிட்டார். அப்புறம் ‘பென்னே வேஃபர்’ என்று எள் போட்டுச் சுட்ட, காகிதம் போல மெல்லிய இனிப்பு பிஸ்கட் கொடுத்தார்கள். வாயில் போட்டதும் ‘எள்ளு’ என்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். குதிரை வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. வெளிர் நிறங்களில் வரிசையாக வீடுகள், பக்கவாட்டில் நீண்ட தாழ்வாரங்கள், காற்றில் கொஞ்சம் உப்பு. அழகான ஊர்தான்.

சால்மர்ஸ் தெருவில் மட்டும் எனக்கு முதல் உறுத்தல் வந்தது. கூழாங்கல் பாவிய சின்னத் தெரு. அந்தக் கற்கள் கப்பலில் பாரத்துக்காகப் போட்டுக்கொண்டு வந்தவை என்று சொல்லி, ஹை ஹீல்ஸ் போட்டவர்கள் பார்த்து நடக்கும்படி வழிகாட்டி எச்சரித்தார். அதே தெருவில் வளைவு முகப்போடு ஒரு கட்டடம். பழைய அடிமைச் சந்தை. தெருவில், பொது இடத்தில் வைத்து மனிதர்களை ஏலம் விடுவதை 1856இல் நகர நிர்வாகம் தடை செய்தது. விற்பதையே நிறுத்தச் சொல்லவில்லை, பார்வைக்கு மறைவாக விற்கச் சொன்னது. அப்படி வளாகத்துக்குள் ஏலம் நடந்த இடங்களில் ஒன்று இது. இன்று அருங்காட்சியகம். ‘நேரம் இருந்தால் பாருங்கள், நன்றாக இருக்கும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கடையின் பிரலீன் மிட்டாய்க்குப் போய்விட்டோம். கற்கள் கப்பலில் வந்த கதைக்கு இருந்த நேரம், அதே மாதிரிக் கப்பல்களில் வந்த மனிதர்களின் கதைக்கு இல்லை.

அப்பாவின் கேள்வி

கடைசிக்கு முந்தைய நிறுத்தத்தில்தான் சோறு வந்தது. சின்னக் கிண்ணத்தில் ‘ஹாப்பின் ஜான்’. காராமணி வகைப் பயறும் அரிசியும் சேர்த்துச் சமைத்தது. அரிசி சாதாரண அரிசி இல்லை, ‘கரோலைனா கோல்ட்’. இந்த ஊரைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களிலேயே பெரும் பணக்கார ஊர்களில் ஒன்றாக ஆக்கியது நெல்தான், அதில் பேர்போன ரகம் இது. அப்புறம் அழிந்துபோகும் நிலைக்கு வந்து, கடந்த சில பத்தாண்டுகளில் சிலர் விடாப்பிடியாக மீட்டெடுத்தது. வழிகாட்டி ரசித்துச் சொன்னார்: 1685 வாக்கில் மடகாஸ்கரிலிருந்து வந்த கப்பல் ஒன்று புயலில் அடிபட்டு இந்தத் துறைமுகத்தில் ஒதுங்கியது, உதவிக்கு நன்றியாகக் கேப்டன் ஒரு மூட்டை விதைநெல்லை ஊர் டாக்டரிடம் கொடுத்தார், அது இந்த மண்ணில் பொன்னாக விளைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

என்ன சொன்னார் என்று அப்பா கேட்டார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

“ஏம்மா, இந்த ஊரு கடலுக்குள்ள நீட்டிக்கிட்டுல்ல இருக்கு. ரெண்டு பக்கமும் ஆறு, ஆனா கடல் தண்ணி உள்ள ஏறுமே. உப்புத் தண்ணியில நெல்லு எப்படி வெளைஞ்சுது? பாசனம் எங்கேருந்து? அந்தத் தம்பிகிட்ட கேளு.”

அப்பா வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை விவசாயி. காவிரித் தண்ணீர் வந்து சேரும் கடைசி வயல்கள். கோடையில் ஆற்றில் கடல் நீர் ஏறினால் அந்த வருஷம் என்ன ஆகும் என்று தெரிந்தவர். அந்த அறையில் இருந்தவர்களில், நெல்லைத் தட்டில் மட்டுமில்லாமல் வயலிலும் தெரிந்திருந்தவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். நான் கேள்வியை அப்படியே கேட்டேன். வழிகாட்டி உண்மையிலேயே சந்தோஷப்பட்டு, இதுவரை யாரும் கேட்டதில்லை, நல்ல கேள்வி என்றார். பதில் அவரிடம் இல்லை. அடிமைகள் வேலை செய்த பழைய பெருந்தோட்டங்களைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே தனிச் சுற்றுலா இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சோற்றில் கலந்திருந்த புகையூட்டிய பன்றி இறைச்சியின் மணத்தைக் கவனிக்கச் சொன்னார்.

அப்பா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அவர் கேட்டது அரசியல் கேள்வி இல்லை, வரலாற்றுக் கேள்விகூட இல்லை. முழுக்க முழுக்கச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வி. இந்தச் சோறு எப்படி வந்தது? அவ்வளவுதான். அதற்குக்கூடச் சாப்பாட்டுச் சுற்றுலாவில் பதில் இல்லை.

தண்ணீரின் கணக்கு

இரண்டு நாள் தள்ளி, சார்ல்ஸ்டனுக்கு மேற்கே கா கா என்ற பூங்காவுக்குப் போனோம். ஒரு காலத்தில் பெரிய நெல் தோட்டத்தின் பகுதியாக இருந்த நிலம். பழைய வயல்களும் கரைகளும் வாய்க்கால்களும் இன்னும் இருக்கின்றன. இப்போது பறவைகளும் முதலைகளும் குடியிருக்கும் சதுப்பு. அங்கே ‘ட்ரங்க்’ என்று சொல்லும் மர மதகைப் பார்த்ததும் அப்பா குனிந்து, சுற்றிச் சுற்றி வந்து, எனக்கு முன்னாடியே புரிந்துகொண்டார்.

விஷயம் இதுதான். கடல் ஏற்றத்தின்போது ஆறு எதிர்த்துத் தள்ளப்படும். முகத்துவாரத்துக்கு அருகில் உப்பு ஏறும், ரொம்ப மேலே போனால் ஏற்றத்தின் வேகமே இருக்காது. நடுவில் ஒரு துண்டு ஆறு இருக்கிறது. அங்கே நல்ல தண்ணீர்தான், ஆனால் கடலின் தள்ளலால் அது தினமும் இரண்டு முறை உயர்ந்து தாழும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு என்பதால் மேலே மிதக்கும். அந்தத் துண்டில் சதுப்புக் காட்டை வெட்டி, கரை எழுப்பி, கரையை ஊடுருவி மரப்பெட்டி மாதிரி மதகு வைக்க வேண்டும். இரு முனையிலும் கதவு. ஆற்றுப்பக்கக் கதவைத் தூக்கி வைத்தால் ஏறுகிற தண்ணீர் வயல்பக்கக் கதவைத் தானே தள்ளித் திறந்து உள்ளே பாயும். ஆறு தாழும்போது வயல் தண்ணீரின் அழுத்தமே அந்தக் கதவைச் சாத்திவிடும். வடிக்க வேண்டுமா, கதவுகளின் வேலையை மாற்றினால் போதும். இறைக்க வேண்டியதில்லை, மாடு வேண்டாம், ஏற்றம் வேண்டாம். ஆனால் எந்த நேரத்தில் எவ்வளவு திறப்பது, மேலே மிதப்பது நல்ல தண்ணீரா, உப்பு கலந்துவிட்டதா என்று பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு நாள் தவறினால் வயல் போச்சு.

“இது மூட்டை நெல்லு குடுத்து வர்ற வெவரம் இல்லம்மா. தலைமுறை தலைமுறையா தண்ணியில நின்னவனுக்குத்தான் இது தெரியும்.”

அப்படி நின்றவர்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தார்கள். செனகாம்பியாவிலிருந்து சியரா லியோன் வரையான கரையோரத்தில், ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு முன்பிருந்தே, அலையாத்திச் சதுப்பில் கரை கட்டி, உப்பை மழைநீரால் கழுவி நெல் விளைவித்த மக்கள். சார்ல்ஸ்டன் வியாபாரிகளுக்கு இது தெரிந்தே இருந்தது. 18ஆம் நூற்றாண்டு நாளிதழ்களில் அடிமை விற்பனை விளம்பரங்கள், வந்திருப்பவர்கள் ‘நெற்கரை’யிலிருந்து வந்தவர்கள் என்று தனியாகக் குறிப்பிட்டன. வாங்குபவருக்கு அது தரக்குறிப்பு. கரோலைனா நெல்லில் ஆப்பிரிக்க அறிவின் பங்கு எவ்வளவு, தோட்ட முதலாளிகள் தாங்களே சோதித்துக் கண்டது எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது, அது நடக்கட்டும். கேப்டனும் டாக்டரும் மூட்டையும் மட்டும் உள்ள கதையை அந்த வாதத்தில் யாருமே ஏற்கமாட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் நாட்டில் நெல்லே விளையாது.

உழைப்பைத் திருடினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். அந்த மரப்பெட்டி முன்னால் நின்றபோது எனக்கு உறைத்தது வேறு. அவர்களுக்குத் தெரிந்திருந்ததையும் சேர்த்துத்தான் திருடியிருக்கிறார்கள். ஒரு விவசாயியை அவன் விவசாயத்துக்காகவே பிடித்துக்கொண்டு வந்து, விளைந்ததை எடுத்துக்கொண்டு, விளைவித்த அறிவையும் தன் பேரில் எழுதிக்கொள்வது.

அங்கே வேலையை எப்படி அளந்தார்கள் என்பதையும் அப்பாவிடம் சொன்னேன். நெல் தோட்டங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலை என்பது பெரும்பாலும் கால் ஏக்கர் களைக்கொத்து. சேற்றில், கோடை வெயிலில், மலேரியாக் கொசுவிலும் பாம்பிலும். வேலையில் பாதி பெண்கள்தான். விதைத்தது, கொத்தியது, அறுவடைக்குப் பிறகு உரலில் போட்டு உலக்கையால் குத்தியது, சுளகில் புடைத்தது எல்லாவற்றிலும் அவர்கள் கை இருந்தது. அப்பா மனசுக்குள் கணக்குப் போட்டார். “இருபத்தஞ்சு சென்ட்டா, ஒத்த ஆளா, தினமுமா?” கொஞ்ச நேரம் கழித்து, தன் அப்பா பண்ணையாளாக இருந்ததைச் சொன்னார். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் கூலி எத்தனை மரக்கால், விடியுமுன் வயலில் இறங்காவிட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அவர் இவ்வளவு விரிவாகச் சொன்னதே இல்லை. “அதுவும் இதுவும் ஒண்ணு இல்ல. எங்கப்பாவ யாரும் கப்பல்ல ஏத்தி விக்கல. ஆனா சேறு எனக்குத் தெரியும்” என்றார். நானும் அதற்கு மேல் ஒப்பிட விரும்பவில்லை.

பெயர் சொல்லும்போது

திரும்பி வந்து, அந்தச் சுற்றுலாவில் நாங்கள் சாப்பிட்டதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எள்: மேற்கு ஆப்பிரிக்கர்கள் கொண்டுவந்து, தங்கள் சின்னத் தோட்டங்களில் வளர்த்தது. பயறும் சோறும்: அங்கிருந்தே. நண்டு சூப்: நகர மேயரின் வீட்டில் சமையல்காரராக இருந்த வில்லியம் டீஸ் என்ற கறுப்பினத்தவர்தான் நண்டு முட்டைகளைச் சேர்த்து அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார் என்று ஊரே சொல்லும். எங்கள் சுற்றுலாவில் மேயர் வந்தார், மேயர் வீட்டு விருந்துக்கு வந்த ஜனாதிபதி டாஃப்ட் வந்தார், டீஸ் வரவில்லை. நாங்கள் நடந்த அதே சர்ச் தெருவில் 1860இல் ‘பேச்சலர்ஸ் ரிட்ரீட்’ என்ற உணவகத்தை நடத்தியவர் நாட் ஃபுல்லர். ஊரின் பெரிய மனிதர்களுக்கெல்லாம் விருந்து சமைத்தவர், சட்டப்படி அப்போதும் இன்னொருவரின் உடைமை. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிகிற வேளையில் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து அவர் கொடுத்த விருந்தைப் பார்த்து ஊர்ப் பணக்காரக் குடும்பங்கள் கொதித்துப்போனார்கள். ஒரு சாப்பாட்டுச் சுற்றுலாவுக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? இதைச் சொன்னால் யாருக்குப் பசி கெடும்? எனக்கு இன்னொரு கிண்ணம் கேட்கத்தான் தோன்றியிருக்கும்.

இதுதான் என் கணவருக்கு என் பதில். சாப்பாடு ஒரு பக்கம், அடிமை வரலாறு ஒரு பக்கம், இரண்டையும் ஏன் கலக்க வேண்டும் என்று கேட்டால், அவை பிரிந்திருந்தால்தானே கலப்பதற்கு. அந்த ஊரில் இது எப்படி விளைந்தது, யார் சமைத்தது, எங்கிருந்து வந்தது என்று சமையலைப் பற்றிய எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் அங்கேதான் போய் நிற்கிறது. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது ருசியும், விருது வாங்கிய உணவகங்களின் பட்டியலும். அதற்கு வழிகாட்டி எதற்கு, ஒரு செல்போன் போதுமே. அவர் இதை முழுசாக ஏற்கவில்லை. துக்கமான விஷயத்தை எப்படிச் சொல்வது, யார் சொல்வது, குழந்தைகளும் கூட வருகிறார்களே என்கிறார். யார் சொல்வது என்பது முக்கியமான கேள்விதான், அதில் அவரோடு நான் உடன்படுகிறேன்.

வழிகாட்டிகள் நகரத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும் என்று அங்கே ஒரு காலத்தில் விதி இருந்தது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018இல் நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன், கதையைச் சட்டம் போட்டுச் சொல்லவைக்க முடியாது. வாடிக்கையாளர்கள் என்ன கேட்கிறார்களோ அதை வழிகாட்டிகள் படித்துக்கொண்டு வருவார்கள். அதனால்தான் அப்பா கேட்டது போல நாம் கேட்க வேண்டும். அந்தப் பையன் இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொன்னதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கிண்ணத்தைச் சாப்பிட்டிருப்பார்கள்.

அந்த நெல் விளைவித்தவர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்கள் இன்றும் அந்தக் கரையோரத்தில்தான் இருக்கிறார்கள். தங்கள் மொழியோடும், தக்காளி போட்ட சிவப்புச் சோற்றோடும், நெல் புடைக்கும் சுளகிலிருந்து வந்த புல் கூடை முடைவதோடும். மார்க்கெட் வாசலில் கூடை விற்கும் அம்மாக்களைச் சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். கூடைக்கு வேண்டிய புல் வளரும் கடற்கரைகளில் வீடுகளும் விடுதிகளும் வந்துவிட்டதால், புல்லுக்கே தூரம் போக வேண்டியிருக்கிறது. அவர்களுடைய பாட்டன் பாட்டிகளின் நிலமும் முறையான பத்திரம் இல்லாத கூட்டுச் சொத்தாக இருந்து கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. கரோலைனா கோல்ட் அரிசி அழகான துணிப்பையில் நல்ல விலைக்குப் போகிறது. அந்தப் பணத்தில் இவர்களுக்கு என்ன வருகிறது என்று கேட்பதும் சாப்பாட்டைப் பற்றிய கேள்விதான் என்று நான் நினைக்கிறேன்.

சார்ல்ஸ்டன் போகிறோம், எங்கே சாப்பிடலாம் என்று என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு இப்போது நான் சொல்வது இந்த வரிசை. முதலில் கேட்ஸ்டன் துறையில் 2023இல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம். வட அமெரிக்க நிலப்பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் சார்ல்ஸ்டன் துறைமுகம் வழியாக வந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். இந்தத் துறை அவர்களில் பலர் இறங்கிய இடம். கட்டடத்துக்குக் கீழே, ஏறி வற்றும் நீரில் மனித உருவங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும், அங்கே அவசரப்படாதீர்கள். அடுத்த நாள் காலையில், வெயில் ஏறுமுன் கா கா, மதகைக் கட்டாயம் பார்க்க வேண்டும், கொசு மருந்து எடுத்துப் போங்கள். நடைச் சுற்றுலா வேண்டுமென்றால் கல்லா கீச்சிக்காரர்களே நடத்துபவை இருக்கின்றன, அதில் போங்கள், யார் நடத்துகிறார்கள் என்று பதிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு ஈஸ்ட்சைடில் பிளேக் தெருவில் ஹானிபல்ஸ் கிச்சன். அலங்காரம் ஒன்றும் இருக்காது. நண்டுச் சோறு வாங்குங்கள். அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்விடுவது நல்லது.